யந்திரக் கையும் வைத்தியர் கையும்

ரோபோ அறுவைச் சிகிச்சை என்றதும், யந்திரமே உடலைக் கீறுமென அஞ்சுவோரும், அது பிழையே செய்யாதென நம்புவோரும் நம்மிடையே உளர். இரண்டும் தவறு.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற டாவின்சி யந்திரத்தில், வைத்தியரே சற்றுத் தள்ளி அமர்ந்து கைப்பிடிகளை இயக்குகிறார். சிறு துளைகள் வழியே உட்சென்ற கருவிகள் அவ்வசைவைப் பின்பற்றுகின்றன. கைத்தறி எத்துணை உயர்ந்ததாயினும், துணியில் தெரிவது நெய்தவர் திறனே அன்றோ?

துளை சிறிதாயின் நன்மை பெரிது எனவும் கொள்ளலாகாது. தொடக்கநிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு, ரோபோ முறை உள்ளிட்ட சிறுதுளைச் சிகிச்சை பெற்றோரைவிட, வயிற்றைத் திறந்து சிகிச்சை பெற்றோரே மிகுதியாகப் பிழைத்தனர் என 2018-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

ஆதலின் சம்மதக் கையொப்பமிடுமுன் வைத்தியரைக் கேட்போம்: என் நோய்க்கு இதனால் தனிப்பயன் உண்டா? தாங்கள் இம்முறையில் எத்தனை பேருக்குச் செய்துள்ளீர்கள்? கூடுதல் செலவு எவ்வளவு? இவ்வாறு கேட்பது அவமரியாதை அன்று. நோயாளியின் உரிமை என்பதே நமது கருத்து.