அகற்ற வேண்டியது உண்ணியை, குட்டியை அல்ல

காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட ஒருவரின் படுக்கையருகே நின்று, "வீட்டில் நாய் உண்டா? உண்ணி ஏதும் கடித்ததா?" என்று மருத்துவர் கேட்டவுடன், உடனிருக்கும் உறவினரின் முகம் மாறுவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். அடுத்து அவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அப்படியானால் குட்டியைக் கொண்டுபோய் விட்டுவிடட்டுமா, டாக்டர்?" பதில் வருவதற்குள் வீட்டுக்குத் தகவல் போய்விடுகிறது. அன்று மாலையே, கண் திறந்து சில வாரங்களேயான ஒரு குட்டி, உய்யக்கொண்டான் கரையிலோ ஆள் நடமாட்டமில்லாத ஒரு காலி மனையிலோ விடப்பட்டுவிடுகிறது.

இந்த முடிவு தவறானது என்பதே எங்கள் கருத்து. இரக்கத்தின் பொருட்டு மட்டும் இதைச் சொல்லவில்லை. மருத்துவ நோக்கில் பார்த்தாலும், குட்டியை வெளியேற்றுவதால் வீட்டிலுள்ளவர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு. உண்ணியை முறையாக அகற்றுவதால் கிடைக்கும் பாதுகாப்பே பெரிது. இதில் எங்களுக்கும் பங்கு உண்டு. கேள்வியைக் கேட்டுவிட்டு, அது ஏன் கேட்கப்படுகிறது என்பதைச் சொல்லாமல் அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிடுகிறோம். அந்த விளக்கத்தை இங்கே தர விரும்புகிறோம்.

முதற்குழப்பம் பெயரில் இருக்கிறது. செய்தித்தாள்கள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ் என்னும் நோயை. அதைப் பரப்புவது நாயின் காதில் ஒட்டியிருக்கும் உண்ணி அன்று. புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழ்கிற, எலிகளை அண்டிப் பெருகுகிற, கண்ணுக்கு எளிதில் தென்படாத சிற்றுண்ணியின் இளம் பருவமே அதைப் பரப்புகிறது. வயல்வெளிக்கோ புதர் மண்டிய இடத்துக்கோ சென்றுவந்தவருக்கு, வீட்டில் நாயே இல்லாவிட்டாலும் அந்நோய் வரலாம். அதற்காக வீட்டுக் குட்டியைத் தண்டிப்பதில் பொருளில்லை.

நாயுண்ணி முற்றிலும் தீங்கற்றது என்றும் நாங்கள் சொல்லவில்லை. நம் ஊர் நாய்களின்மேல் மிகுதியாகக் காணப்படும் பழுப்பு நாயுண்ணி, 'இந்திய உண்ணி டைபஸ்' என்ற வேறொரு காய்ச்சலை மனிதருக்குப் பரப்பக்கூடியது. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் 1957இல் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டுநோயும் உண்ணியால் பரவுவதே. ஆனால் அது காட்டுவிலங்குகளை அண்டி வாழும் வேறு வகை உண்ணி. பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது.

குட்டியை வெளியேற்றினால் உண்ணியும் உடன் போய்விடும் என்பது அடுத்த தவறான எண்ணம். பழுப்பு நாயுண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் உடலில் கழிப்பதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு நாயின்மேல் ஏறி இரத்தம் குடித்துக் கீழே விழும், சுவர் விரிசலில் தோலுரித்து வளரும், மீண்டும் ஏறும், மீண்டும் விழும். இவ்வாறு மூன்று முறை நடக்கிறது. இறுதியில் பெண் உண்ணி விரிசல்களில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நம் ஊரின் வெப்பத்தில் இந்தச் சுற்று ஆண்டு முழுவதும் நின்றுவிடுவதில்லை. உணவில்லாமலும் அவை பல மாதங்கள் உயிரோடிருக்கும். குட்டியை விரட்டிய வீட்டில் பசியோடு எஞ்சியிருக்கும் உண்ணிகளுக்கு நாய் கிடைக்காதபோது, அவை மனிதரையும் கடிக்கக்கூடும். விரட்டப்பட்ட குட்டியோ தன்மேல் இருப்பவற்றை அடுத்த தெருவுக்குக் கொண்டுசெல்கிறது.

குட்டியின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள குட்டியின் உடலில் இருக்கும் இரத்தம் ஏறத்தாழ 80 முதல் 90 மில்லி லிட்டர். கடையில் தரும் ஒரு சிறிய தேநீர்க் குவளையின் அளவே அது. அதில் பத்து இருபது உண்ணிகள் பங்கு கேட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரத்த இழப்போடு நோயும் சேரலாம். சென்னையில் வேட்டைக்காக வளர்க்கப்பட்ட நாய்களின் இரத்தத்தில், 1910இல் பேட்டன் என்ற ஆய்வாளர் ஒரு நுண்ணுயிரைக் கண்டறிந்தார். பபேசியா கிப்சனி என்று இன்று அழைக்கப்படும் அது, உண்ணிகள் வழியே நாய்களுக்குப் பரவி, சிவப்பணுக்களை அழித்துச் சோகையை உண்டாக்குகிறது. ஈறு வெளுத்து, பால் குடிக்காமல், சோர்ந்து கிடக்கும் குட்டியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இனி, வீடுகளில் வழக்கமாகச் செய்யப்படுவனவற்றைப் பார்ப்போம். உண்ணியின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவது, ஊதுவத்தியால் சுடுவது, புகையிலை நீரில் குளிப்பாட்டுவது, கற்பூரத்தையோ பாச்சை உருண்டையையோ பொடித்துப் பூசுவது, மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கலந்து தெளிப்பது ஆகியவை எல்லாம் நல்லெண்ணத்தோடு செய்யப்படுபவையே. ஆனால் குட்டிக்கு இவை நஞ்சு. அதன் தோல் மெல்லியது. உடலின்மேல் பட்டதை அது நக்கும். நஞ்சைச் சிதைக்கும் ஆற்றல் அதன் கல்லீரலுக்கு இன்னும் முழுமையாக வரவில்லை. நக்கப்பட்ட மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மேலும், சூட்டாலோ எண்ணெயாலோ துன்புறுத்தப்படும் உண்ணி, தன் வயிற்றிலுள்ள கிருமி கலந்த நீரைக் கடிவாய்க்குள் கக்கிவிடவும் கூடும். எதைத் தடுக்க முயல்கிறோமோ அதையே விரைவுபடுத்துகிறோம்.

கடைகளில் விற்கும் சொட்டு மருந்துகளும் மாத்திரைகளும்கூட எல்லாக் குட்டிகளுக்கும் உரியவை அல்ல. அவற்றுள் பல 8 வாரம் நிறைந்த, குறிப்பிட்ட எடை வந்த குட்டிகளுக்கே அனுமதிக்கப்பட்டவை. சில மருந்துகளுக்கு இன்னும் கூடுதலான வயது வேண்டும். பெரிய நாய்க்கு வாங்கியதில் பாதியைக் குட்டிக்கு இடுவது சிக்கனம் அன்று, விபத்து. எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்பதைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும். அதுவரை மிகச் சிறிய குட்டிக்கு உகந்த வழி, கையால் ஒவ்வொன்றாக எடுப்பதே.

அதற்கு வேண்டியவை மிகச் சில: நுனி கூரிய சிறு இடுக்கி, கையுறை, மூடியுள்ள சிறிய புட்டியில் சிறிது ஸ்பிரிட், சோப்பும் நீரும், நல்ல வெளிச்சம். ஒருவர் குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் அணைத்துப் பிடிக்க, மற்றவர் தேட வேண்டும். காதின் உட்புறம், கண்ணிமை ஓரம், கழுத்துப்பட்டையின் அடி, அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு, வாலடி ஆகிய இடங்களில் உண்ணி மறைந்திருக்கும். கண்டதும் பிடுங்கிவிட வேண்டாம். முடியை விலக்கி, கால்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். குட்டியின் அடிவயிற்றுக் காம்பையும் மருவையும் உண்ணி என்று எண்ணி இழுத்துப் புண்ணாக்கியவர்கள் உண்டு.

உண்ணிதான் என்று உறுதியானால், அதன் உப்பிய வயிற்றைப் பிடிக்காமல், தோலோடு ஒட்டியிருக்கும் தலைப்பகுதியை இடுக்கியால் பற்றுங்கள். திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக மேல்நோக்கி இழுங்கள். உண்ணி பசை போன்ற ஒரு நீரைச் சுரந்து தன்னைத் தோலில் ஒட்டவைத்துக்கொண்டிருப்பதால், சில நொடிகள் பொறுமை வேண்டும். பிறகு அது விட்டுவிடும். வாயின் சிறு துணுக்கு தோலில் தங்கிவிட்டால், அதை ஊசியால் தோண்ட வேண்டாம். தோல் தானாகவே அதை வெளியேற்றிவிடும். கடிவாயைச் சோப்பு நீரால் துடையுங்கள். அந்த இடம் வீங்கினாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

எடுத்த உண்ணியை நகத்தால் நசுக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. தரையில் வைத்துக் கல்லால் தேய்ப்பவர்களும் உண்டு. இதைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும். நசுங்கும் உண்ணியின் உடல்நீர் விரலிலுள்ள சிறு கீறல் வழியாகவோ, அதே விரலால் கண்ணைத் தேய்ப்பதாலோ நம்முள் புகக்கூடும். ஸ்பிரிட் புட்டியில் போட்டு மூடினால் அது அங்கேயே இறந்துவிடும். புட்டியின்மேல் தேதியை எழுதி வையுங்கள். பின்னர் வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் வந்தால், அந்தத் தேதி மருத்துவருக்குப் பயன்படும். வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டுச் சோப்பால் கை கழுவுங்கள்.

ஒட்டிய உண்ணி எவ்வளவு நேரம் இருக்கிறதோ, அவ்வளவுக்கு நோய் பரவும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே வாரம் ஒரு முறை நூறு உண்ணிகளை எடுப்பதைவிட, நாள்தோறும் பத்து நிமிடம் தேடி இரண்டு மூன்றை எடுப்பதே மேல். குட்டி படுக்கும் சாக்கையும் துணியையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். சுவர் விரிசல்களைச் சிமெண்டால் அடையுங்கள். வீட்டில் தாய் நாயும் இருந்தால், அதற்கும் சேர்த்து மருத்துவரிடம் மருந்து கேளுங்கள். குட்டியை மட்டும் தூய்மை செய்துவிட்டு வீட்டை விட்டுவிட்டால், அடுத்த வாரமே முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இந்த வேலையை யார் செய்வது என்பதும் முக்கியம். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர், மண்ணீரல் அகற்றப்பட்டவர், இரத்தச் சுத்திகரிப்பில் இருப்பவர் ஆகியோர் உண்ணி எடுக்கக் கூடாது. சிறுவர்களிடமும் விடக் கூடாது. இத்தகைய நோயாளியின் வீட்டில் நாய் இருக்கலாமா என்பதை அக்கம்பக்கத்தார் முடிவு செய்ய வேண்டியதில்லை. சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் கேளுங்கள். சில நோயாளிகளுக்குச் சில காலம் குட்டியை உறவினர் வீட்டில் விடச் சொல்ல நேரலாம். அது வேறு, தெருவில் விடுவது வேறு.

வலியால் குட்டி கடித்துவிட்டாலோ கீறிவிட்டாலோ, "சின்னக் குட்டிதானே" என்று இருந்துவிட வேண்டாம். வெறிநோய்க்கு வயது வேறுபாடு இல்லை. குட்டிக்குப் பொதுவாக மூன்று மாத வயதில்தான் முதல் வெறிநோய்த் தடுப்பூசி போடப்படுகிறது. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

இறுதியாக, எங்களை மிகவும் கவலைகொள்ளச் செய்வது ஒன்று உண்டு. குட்டியை விட்டுவிடச் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சத்தால், சில குடும்பத்தினர் வீட்டில் நாய் இருப்பதையே எங்களிடம் மறைத்துவிடுகிறார்கள். பிள்ளை அழுவான் என்று தாயும், பேரன் வருந்துவான் என்று பாட்டியும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அந்த மௌனத்துக்கான விலையை நோயாளி கொடுக்க நேர்கிறது. உண்ணி டைபஸுக்கும் ஸ்க்ரப் டைபஸுக்கும், வழக்கமாகக் காய்ச்சலுக்குத் தரப்படும் பெனிசிலின் வகை மருந்துகள் பயன்படா. டாக்ஸிசைக்ளின் போன்ற குறிப்பிட்ட மருந்துகளே வேண்டும்; அவையும் விரைவில் தொடங்கப்பட வேண்டும். தீவிர ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் தனித்தனியே தருவதைவிட, இரண்டையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்துவது கூடுதல் பயன் தருகிறது என்று வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி தலைமையில் நடந்த ஆய்வு 2023இல் காட்டியது. நல்ல மருந்து நம் கையில் இருக்கிறது. எதற்கு மருந்து தருகிறோம் என்பது தெரியாமல் போவதே இடர்.

ஆகவே காய்ச்சலோடு வரும்போது இவற்றைச் சொல்லுங்கள்: வீட்டில் நாய் இருக்கிறது, இன்ன தேதியில் உண்ணி எடுத்தோம், இன்னாரை உண்ணி கடித்தது, அண்மையில் வயலுக்கோ புதர்ப்பக்கமோ போய்வந்தோம். அக்குளிலோ இடுப்பிலோ தொடையிடுக்கிலோ, சிகரெட்டால் சுட்டது போன்ற கருமையான பொருக்கு இருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவந்த புள்ளிகள் தோன்றினால் அதையும் சொல்லுங்கள். மருந்தை நீங்களாகவே கடையில் வாங்கி உண்ண வேண்டாம்.

நாய் இருக்கிறதா என்று நாங்கள் கேட்பது நோயைக் கண்டறிவதற்காக. குட்டியை வெளியேற்றுவதற்காக அன்று. அடுத்த முறை அந்தக் கேள்வியோடு அதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்வது எங்கள் கடமை. அஞ்சாமல் உண்மையான பதிலைச் சொல்வது உங்கள் கடமை. நோயாளி நலம் பெற்று வீடு திரும்பும் நாளில், வாசலில் அந்தக் குட்டியும் வாலாட்டிக்கொண்டு நிற்கட்டும்.