ஷண்டிங் எஞ்சினுக்கு யார் சாட்சி?

தனுஷ்கோடியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம் என்று நம் எழுத்தாளர் ஒருவருக்குத் தோன்றிவிட்டால், அதில் என்னென்ன வரும் என்பதைக் கடலாடியில் என் திண்ணையில் உட்கார்ந்தபடியே நான் சொல்லிவிடுவேன். இடிந்த மாதா கோயில் வரும். நிலா வெளிச்சம் வரும். மணலில் புதைந்த தண்டவாளம் வரும். 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு புயலில் போன 653-ம் நம்பர் பாசஞ்சர் வண்டி வரும். அந்த வண்டியின் விசில் இன்னும் கேட்கிறது என்று ஒரு கிழவர் சொல்வார். கட்டுரை முடிந்துவிடும்.

மாண்டவர்களை நினைப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் ஓர் ஊர் ஒரே இரவில் செத்த விதத்தை நூறு தடவை எழுதுகிற நாம், அது ஐம்பது வருஷம் பிழைத்த விதத்தைப் பற்றி ஒரு வரி எழுத மறுக்கிறோமே, அதுதான் என் வழக்கு.

பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். பாலம் வந்த பிறகு போட் மெயில் தனுஷ்கோடிக் கடற்பாலம் வரைக்கும் ஓடியது. வண்டியை விட்டு இறங்கினால் கப்பல். கப்பலை விட்டு இறங்கினால் தலைமன்னாரில் இன்னொரு வண்டி. ஒரே டிக்கெட். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த சமாசாரம். வண்டி வந்து நின்ற பிறகு என்ன நடந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

என் ஐயா (அப்பாவின் தகப்பனார்) தனுஷ்கோடியில் மூட்டை தூக்கியவர். எங்கள் ஊருக்குப் பெயரில்தான் கடல் இருக்கிறது. நிஜக் கடலுக்கு இன்னும் சில மைல் போக வேண்டும். ரயிலோ பெயரளவில்கூட இல்லை. ஆகவே ரயிலையும் கடலையும் ஒரே இடத்தில் பார்த்த ஐயாவுக்கு ஊரில் தனி மதிப்பு. நான் சிறுவனாக இருந்தபோது அவரிடம் போட் மெயிலைப் பற்றிக் கேட்பேன். அவர் பிடி கொடுக்கமாட்டார்.

“போட் மெயிலுக்கு என்னப்பு, ராசா மாதிரி வந்து நிக்கும். சனம் இறங்கிப் போயிரும். வெறும் பெட்டியப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போறது யாரு? சரக்கு வண்டியக் கொண்டாந்து கப்பலுக்கு நேரா விடுறது யாரு? ராத்திரி பகல்னு இல்லாம மணல்ல கிடந்து உருண்டது அந்த ஷண்டிங் எஞ்சின்தான். அதுக்கு ஒருத்தன் மாலை போட்டதில்ல.”

ஐயா சொன்னது தனுஷ்கோடிக்கு மட்டும் பொருந்துகிற விஷயமல்ல. நீராவி யுகத்தில் உலகத்துத் துறைமுகங்கள் அத்தனையிலும் இதே கதைதான். கப்பல் வேறு, ரயில் வேறு. இரண்டையும் பக்கத்தில் கொண்டு வந்து நிறுத்துவதற்கு மூன்றாவதாக ஒரு ஜீவன் வேண்டும். முதலில் குதிரைகளும் மாடுகளும் அந்த வேலையைச் செய்தன. பிறகு சின்ன நீராவி எஞ்சின்கள் வந்தன.

ஏன் சின்னது? காசில்லாததனால் அல்ல. துறைமுகத்தில் தண்டவாளம் கிடங்குகளைச் சுற்றி முழங்கையை மடித்தாற்போல் வளையும். பெரிய எஞ்சினை அங்கே விட்டால் தடம் புரண்டு படுத்துக்கொள்ளும். மரத்தூண்மேல் நிற்கிற கடற்பாலம் அதன் பாரத்தைத் தாங்காது. ஆகவே சக்கரம் நாலு அல்லது ஆறு. அவை ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும். அத்தனை சக்கரத்தையும் நீராவியே திருப்புவதால் எஞ்சினின் பாரம் முழுவதும் இழுப்புக்குப் பயன்படும். பின்னால் நிலக்கரி வண்டி கிடையாது. தண்ணீர்த் தொட்டியை, கழுதைமேல் பொதி வைத்ததுபோல், கொப்பரையின்மேலேயே ஏற்றிவிடுவார்கள். முன்னாலும் ஓடும், பின்னாலும் ஓடும். திருப்புவதற்கு வட்டமேடை வேண்டாம். பஞ்சும் வெடிமருந்தும் அடுக்கியிருக்கிற இடங்களுக்கு நெருப்பே இல்லாத எஞ்சின்கூடச் செய்தார்கள். காலையில் வேறொரு கொப்பரையிலிருந்து கொதிநீரையும் ஆவியையும் நிரப்பிக்கொண்டு, அது தீருமட்டும் ஓடும். தீர்ந்ததும் திரும்பி வந்து மறுபடி நிரப்பிக்கொள்ளும். இதைப் படித்தபோது எனக்கு மெய்யாகவே சந்தோஷம் உண்டாயிற்று. எக்ஸ்பிரஸ் எஞ்சினைக் கட்டியவனைவிட இதை நினைத்தவனுக்கு மூளை குறைவு என்று யார் சொல்ல முடியும்?

லீட்ஸ், பிரிஸ்டல், கில்மார்னாக் ஆகிய ஊர்களில் இந்தக் குட்டி எஞ்சின்களை முக்கியத் தொழிலாக நடத்திய பட்டறைகள் இருந்தன. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு சவுதாம்ப்டன் துறைமுகத்துக்கு எஞ்சின் போதவில்லை. அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஆறு சக்கர எஞ்சின்களை வாங்கி அங்கே 14 எஞ்சின்களை ஓடவிட்டார்கள். 1962-ல் டீசல் வந்து அவற்றை ஓரங்கட்டியது. அப்படியும் அவற்றில் சிலவற்றை அந்த ஊர்க்காரர்கள் காயலான் கடைக்குப் போகவிடவில்லை. பிரிஸ்டலில் 1917-ல் கட்டிய ‘போர்ட்பரி’, 1937-ல் கட்டிய ‘ஹென்பரி’ என்ற இரண்டும் பழைய துறைமுகத் தண்டவாளத்திலேயே இன்றும் சில நாட்களில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. அவற்றின் பெயரைச் சொன்னால் அந்த ஊர்ச் சிறுவனுக்குத் தெரியும்.

நம்மிடம் இல்லாத சரித்திரமா? 1837-லேயே செங்குன்றத்துப் பக்கம் கல் ஏற்றுவதற்கு இருப்புப்பாதை போட்டு நீராவி எஞ்சினைச் சோதித்துப் பார்த்த ராஜதானி இது. பம்பாய்த் துறைமுகத்துக்கு 1915 முதல் சொந்த ரயில்வேயே இருந்தது. சென்னைத் துறைமுகத்தின் தலைவராக இருந்த ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அடிப்படையில் ரயில்வே எஞ்சினீயர். அவருடைய காரியாலயத்தில் 1912-ல் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதிய குமாஸ்தாவை உலகம் ராமானுஜன் என்று அறியும். அந்தக் குமாஸ்தாவை நினைவில் வைத்திருக்கிறோம், நல்ல காரியம். அவர் எழுதிய கணக்கின் பின்னால் சரக்கு இழுத்துக்கொண்டிருந்த யந்திரங்களையும் ஆட்களையும் மறந்துவிட்டோம்.

“ஃபேரி குவீன் இருக்கிறதே, 1855-ல் கட்டியது, இன்றும் பார்க்கலாமே” என்பார்கள். இருக்கிறது. ராணி இருப்பதனால் வேலைக்காரி வேண்டாம் என்கிற வாதம் இது. ஸ்டேஷன் வாசல்களில் பீடம் கட்டி எஞ்சின் நிறுத்தும்போதும் பெரும்பாலும் ஓட்டம் ஓடியதைத்தான் தேடிப் பிடிக்கிறோம். தள்ளியதை எடை போட்டு விற்றுவிடுகிறோம்.

எதிர்க்கட்சிக்கு ஒரு நியாயம் உண்டு; அதையும் சொல்லிவிடுகிறேன். நீராவி ஷண்டிங் எஞ்சின் ஊதாரி. பத்து நிமிஷ வேலைக்காக நாள் முழுவதும் அடுப்பெரிய வேண்டும். ஃபயர்மேன் நெஞ்சில் கரி படியும். ஷண்டிங் ஆள் இரண்டு வண்டிகளுக்கு நடுவே நுழைந்து கொக்கி மாட்டுவான். ஒரு கணம் பிசகினால் கையோ உயிரோ போகும். எண்பதுகளின் கடைசியில் மானாமதுரை ஜங்ஷனில் ஒரு ஷண்டிங் ஆளைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. அதே கையால் பச்சைக் கொடி அசைத்தார். டீசல் வந்தது நல்லதுதான். எஞ்சினை மறுபடி ஓட்டு என்று நான் கேட்கவில்லை. அந்த விரல்களுக்குக் கணக்கு எங்கே என்று கேட்கிறேன்.

இதில் முதல் குற்றவாளிகள் என் ஜாதிக்காரர்கள், கதை எழுதுகிறவர்கள். எங்கள் கதாநாயகன் எப்போதும் எக்ஸ்பிரஸில்தான் வந்து இறங்குவான். கதாநாயகி பிளாட்பாரத்தில் கண்ணீர் விடுவாள். நானே மூன்று நாவல்களில் அப்படி எழுதியிருக்கிறேன். நீங்களும் மன்னித்து வாசித்திருக்கிறீர்கள். வண்டி போன பிறகு காலிப் பெட்டிகளை இழுத்துப் போகிற எஞ்சினை ஒரு வாக்கியத்திலாவது நான் எழுதவில்லை. ஐயாவின் பேரனுக்கே இந்த லட்சணம்! இங்கிலாந்திலே ஒரு பாதிரியார் குழந்தைகளுக்காக எழுதிய எஞ்சின் கதைகளில் குட்டி எஞ்சின் ஒன்று துறைமுகத்தில் சறுக்கித் தண்ணீருக்குள் விழுகிறது. அந்த ஒரு கதையால் உலகத்துக் குழந்தைகளுக்குத் துறைமுக ஷண்டிங் தெரிந்துவிட்டது.

இப்போது அவசரமான விஷயத்துக்கு வருகிறேன். 1964 புயலுக்குப் பின் பாம்பன் பாலத்தை ஸ்ரீதரனின் ஆட்கள் 46 நாட்களில் நிமிர்த்தினார்கள். தனுஷ்கோடிப் பாதை நிமிரவேயில்லை. 2017-ல் அரிச்சல்முனைக்குச் சாலை வந்தது. 2019-ல் ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். தலைமன்னார்க்காரர்கள் யுத்தத்தில் 1990-ல் போன பாதையை 2015-ல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இங்கே பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்தாயிற்று. பழையதைப் பிரித்தெடுக்கிற பேச்சும் எழுந்துவிட்டது. கப்பலுக்கு வழிவிட அந்தத் தூக்குப்பகுதியை நூறு வருஷத்துக்கு மேல் மனிதர்கள் கையால் சுற்றித்தான் உயர்த்தினார்கள். அதுவும் எடைக்குப் போனால், எங்கள் கரையில் உழைத்த இரும்பில் கண்ணால் பார்க்க என்ன மிஞ்சும்?

ராமேசுவரத்தில் ஒரு கொட்டகை போதும். உப்புக் காற்று இரும்பைத் தின்னுகிற இடம்; ஆகவே கூரையும், வருஷத்துக்கு ஒருமுறை சாயமும் வேண்டும். அதிலே தூக்குப்பகுதியின் கைச்சக்கரங்களை வையுங்கள். எந்தத் துறைமுகத்தின் மூலையிலாவது ஒரு தொட்டி எஞ்சின் மிஞ்சியிருந்தால் வாங்கி வந்து நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு பலகை. அதில் மந்திரியின் பெயர் வேண்டாம். கொக்கி மாட்டியவன், கரி தள்ளியவன், பாயிண்ட்ஸ்மேன், மூட்டைக்காரன் ஆகியோர் பெயர்களைப் பழைய சம்பளப் பதிவேடுகளிலிருந்தும் குடும்பங்களிலிருந்தும் கேட்டு எழுதுங்கள். அந்தத் தலைமுறையில் தனுஷ்கோடியைக் குழந்தைகளாகப் பார்த்தவர்களுக்கே இப்போது எழுபது வயது. என் ஐயாவின் பெயரை நான் எழுதித் தருகிறேன். அவருடைய கூட்டாளிகள் நாலு பேரின் பெயரும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.