முப்பது நாள் போதுமா?

வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் முதல் மாதத்தில் என்ன செய்வான்? வக்கீலைத் தேடிப் போவான் என்று சட்டம் இயற்றியவர்கள் எண்ணியிருக்கலாம். உண்மையில் அவன் முதலாளியைத்தான் தேடிப் போவான். தெரிந்த பெரிய மனிதரை அழைத்துக்கொண்டு போய், மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி கெஞ்சுவான். பிறகு மளிகைக்கடைப் பாக்கி, பிள்ளையின் படிப்பு, வேறு வேலை என்று அலைவான். சட்டம் நினைவுக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

இயற்பியல் சோதனையில் நிறுத்து கடிகாரத்தை நாங்களே அழுத்துகிறோம். இந்தக் கடிகாரத்தை அழுத்துபவரோ முதலாளி!

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டிலேயே வந்தது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமின்றி, ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தராமல் நீக்கக் கூடாது என்கிறது அதன் 41ஆம் பிரிவு. நல்ல பிரிவுதான். ஆனால் மேல்முறையீட்டுக்கு முப்பதே நாள். என் தந்தை ஒரு ஜவுளிக்கடையில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். “நாளை முதல் வர வேண்டாம்” என்று வாய்ச்சொல்லாகவே அனுப்பிவிட்டார்கள். கையில் உத்தரவே இல்லாதவர் முப்பது நாளை எங்கிருந்து எண்ணுவது? எங்கள் வீட்டில் அந்தச் சட்டத்தின் பெயரை முதலில் படித்தவனே நான்தான். அதுவும் மூன்று ஆண்டுகள் கழித்து.

ஆலைத் தொழிலாளர்க்கான தொழில் தகராறுச் சட்டத்தில் நெடுங்காலம் இத்தகைய கெடு இல்லை. தாமதம் ஒன்றையே காட்டித் தொழிலாளிக்கு நிவாரணம் மறுக்கக் கூடாது, வேண்டுமானால் பின்சம்பளத்தைக் குறைக்கலாம் என்ற கருத்தை 1999இல் அஜாயிப் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. 2010ஆம் ஆண்டுத் திருத்தம், சமரச அதிகாரியிடம் மனு கொடுத்து 45 நாள் கழிந்தபின் தொழிலாளி நேரே தொழிலாளர் நீதிமன்றம் செல்ல வழி திறந்தது. கூடவே மூன்றாண்டுக் கெடுவையும் வைத்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் அதையும் இரண்டாண்டாகக் குறைத்துவிட்டது.

காலம் கடந்தால் சாட்சிகள் கலைந்துபோவர், பதிவேடுகள் அழியும் என்பர் சிலர். நியாயமே. கெடுவே கூடாது என்று நான் வாதாடவில்லை. ஆனால் அந்தப் பதிவேடுகள் யார் பெட்டியில் இருக்கின்றன?

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். மனுவை மறுக்கும் அதிகாரி, எத்தனை நாளுக்குள், யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் எழுதித் தரவேண்டும். ஒரு தாளை மறுப்பதற்கே இந்த விதி! வேலை நீக்க உத்தரவிலும் கெடுவையும் அலுவலக முகவரியையும் தமிழில் அச்சிடச் செய்யுங்கள். அந்தத் தாள் தொழிலாளி கைக்கு வந்த நாளிலிருந்துதான் கணக்குத் தொடங்க வேண்டும். தாளே தராத முதலாளிக்குக் கெடு என்ற கேடயம் கிடைக்கக் கூடாது.