முதலாண்டு மாணவர்களுக்காகப் படிப்பகங்களைத் திறப்போம்: நாஞ்சில் நாட்டு மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

குமரி மாவட்டத்துக் கல்லூரி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள், கணினித் துறையில் வேலை பார்க்கும் இளைஞர்கள், பெற்றோர் எனப் பலர் சேர்ந்த குழு ஒன்று இந்த வேண்டுகோளை மாவட்ட மக்கள் முன் வைக்கிறது. ஊரில் இருக்கும் படிப்பகத்தையோ ஆலய மண்டபத்தையோ சமுதாயக் கூடத்தையோ வாரத்தில் மூன்று சாயங்காலம் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். அங்கே அவர்கள் கணினியில் பாடம் படிக்கும்போது பக்கத்தில் இருக்க ஊருக்கு இரண்டு மூன்று பேர் முன்வர வேண்டும். இதை ஏன் கேட்கிறார்கள் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. 1809இல் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே தொடங்கிய பள்ளி நாகர்கோவிலுக்கு வந்து, 1893இல் கல்லூரியாகி, இன்று ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக நிற்கிறது. 1952இல் தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி வந்தது. 1960களில் மார்த்தாண்டத்திலும் அகஸ்தீஸ்வரத்திலும் கல்லூரிகள் எழுந்தன. இடம் கிடைக்காமல் படிப்பை விட்ட காலம் பெரும்பாலும் போய்விட்டது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. 2021-22 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47. நாடு முழுவதற்கும் 28.4. கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டுபவரின் மகளும், தூத்தூரில் ஆழ்கடலுக்குப் போகிறவரின் மகனும், கருங்கல் பக்கம் முந்திரி ஆலையில் பருப்பு உடைக்கும் தாயின் பிள்ளையும் இன்று ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் ஆள் பலரும்.

உள்ளே வந்த பிறகு என்ன ஆகிறது?

பி.எஸ்சி. வேதியியல் ஆய்வகத்தில் 0.1 நார்மல் ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் 250 மில்லி தயாரிக்கச் சொல்கிறார்கள். அந்த அமிலத்தின் சமான எடை 63. ஒரு லிட்டருக்கு 6.3 கிராம் வேண்டும். 250 மில்லி என்பது லிட்டரில் கால் பங்கு, ஆகவே 1.575 கிராம் நிறுத்துப் போட வேண்டும். பிப்பெட், பியூரெட் எல்லாம் சில நாளில் கைக்குப் பழகிவிடுகின்றன. நிறம் மாறும் துளியைச் சரியாகப் பிடிக்கும் மாணவிக்கு, 6.3ஐ நான்கால் வகுக்கும் இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்து 1.575 என்று எழுதிக்கொள்கிறாள். அன்றைய ரெக்கார்டு முடிந்துவிடும். அடுத்த பருவத்தில் அதே கணக்கு வேறு வடிவில் வரும்போது அரியர் விழும். பி.காம். மாணவனுக்குத் தேய்மானமும் வட்டியும் இதே இடத்தில்தான் இடறுகின்றன. இதற்கு மேல், பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர்களுக்குப் பெரும்பாலான பாடநூல்கள் திடீரென ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றன.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை உள்ளவர்களுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் மறுபடி திறந்தன. 2020-21இல் ஏழாம் வகுப்பில் இருந்தவர்கள் 2026இல் கல்லூரிக்கு வரும் வயதினர். தசமமும் நேர்விகிதமும் பாடமாக இருந்த அந்த ஆண்டு முழுவதும் அவர்கள் வகுப்பறைக்குள் கால் வைக்கவில்லை. பிறகு ஆண்டுதோறும் மேல்வகுப்புக்கு ஏறினார்கள்; விட்டுப்போன பாடம் விட்டுப்போனதாகவே இருந்தது.

கையில்தான் செல்போன் இருக்கிறதே, அதில் படிக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். பாடங்களுக்குப் பஞ்சமில்லை என்பது உண்மை. ஐஐடிக்களும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து தொடங்கிய என்பிடெல் 2003 முதல் இயங்குகிறது. ஸ்வயம் தளம் 2017இல் வந்தது. ஆனால் அடித்தளம் ஆட்டம் காணும் மாணவரைத் திரையோடு தனியே விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் சான்று தந்திருக்கிறது. 2013இல் அமெரிக்காவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம் உடாசிட்டி நிறுவனத்தோடு சேர்ந்து அடிப்படைக் கணிதத்தை இணையவழியில் நடத்தியது. தேர்ச்சி பெற்றவர்கள் பாதிக்கும் குறைவு. சில மாதங்களிலேயே திட்டத்தை நிறுத்திவைத்தார்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்த பின்னும் பாடம் அதேதான். துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஏறக்குறைய 1,000 பேரிடம் நடந்த ஆய்வில், கேட்டதும் விடை சொல்லும் சாட்ஜிபிடியை வைத்துப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியில் நன்றாகவே செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைப் பயன்படுத்தாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த கருவியால் இந்தச் சேதம் பெருமளவு தவிர்ந்தது.

பலன் தந்த இடங்களும் உண்டு. 1997இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம், மூடிக்கிடந்த பெரிய கடை ஒன்றை வாடகைக்கு எடுத்து 500க்கு மேற்பட்ட கணினிகளை வைத்தது. மாணவர்கள் அவரவர் வேகத்தில் கணிதம் படிக்கிறார்கள். சந்தேகம் வந்தால் சிவப்புப் பிளாஸ்டிக் குவளை ஒன்றைக் கணினி மேல் வைத்தால் போதும். உதவியாளர் பக்கத்தில் வந்து நிற்பார். எழுந்து நின்று கேள்வி கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு அந்தக் குவளை எவ்வளவு பெரிய உதவி! டெல்லியில் பள்ளி முடிந்தபின் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளில் மாணவர்களைப் படிக்கவைத்துப் பார்த்தார்கள். எந்த வகுப்பில் இருக்கிறார் என்று பார்க்காமல், எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று கண்டு அங்கிருந்து சொல்லிக்கொடுக்கும் மென்பொருள் அது. கூடவே சிறு குழுவாக உட்காரவைத்துக் கற்பிக்க ஆளும் இருந்தார். நாலரை மாதத்தில் கணக்கில் மற்றவர்களைவிட இருமடங்கு முன்னேற்றம். பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட மூவர் செய்த அந்த ஆய்வு 2019இல் வெளியானது.

சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பும் கவனிக்கத்தக்கது. சேர விரும்புகிறவர்களுக்கு முதலில் நான்கு வாரம் பாடம் நடத்திவிட்டு, அதிலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ எழுதாதவர்களுக்கும் வழி திறந்தது இப்படித்தான்.

கல்லூரிகள் பிரிட்ஜ் கோர்ஸ் நடத்துகின்றன. சில நாள் வகுப்பில் ஐந்தாறு ஆண்டு இடைவெளியை அடைக்க முடிவதில்லை. வகுப்பு முடிந்த பிறகு தொடரலாம் என்றால் பஸ் குறுக்கே நிற்கிறது. வடசேரியிலிருந்து பேச்சிப்பாறைக்கோ நீரோடிக்கோ போக வேண்டிய பிள்ளை சாயங்காலப் பஸ்ஸை விட்டால் வீடு சேர இருட்டிவிடும். ஆகவேதான் வகுப்பு ஊருக்கு வர வேண்டும் என்கிறார்கள் குழுவினர். அதற்கு ஏற்ற இடமாக இந்த மாவட்டத்து ஊர்களில் படிப்பகங்கள் இருக்கின்றன. அப்பாவும் தாத்தாவும் பத்திரிகை படித்த அதே அறைகள்.

வேண்டிய பொருள்கள் அதிகமில்லை: நான்கைந்து லேப்டாப், சில ஹெட்செட், வீட்டுக்குப் போடும் அளவில் ஓர் இணைய இணைப்பு. இரண்டு ஆண்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாகத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. அந்த லேப்டாப் கிடைத்தவர்கள் அதையே கொண்டுவரலாம். பாடமும் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கிறது. பள்ளிப் பாடநூல்கள் தமிழில் இலவசமாக இணையத்தில் கிடைக்கின்றன. பக்கத்தில் அச்சிட்ட கியூஆர் குறியீட்டைச் செல்போனில் காட்டினால் விளக்கப் படம் ஓடும். முதல் நாள் சின்ன சோதனை வைத்து, யாருக்கு எங்கே இடைவெளி என்று குறித்துக்கொள்ள வேண்டும். 6.3ஐ வகுக்கத் தெரியாதவர் ஏழாம் வகுப்புத் தசமத்திலிருந்து தொடங்குவார். வகுக்கத் தெரிந்து ஆங்கில வாக்கியத்தில் தடுமாறுபவர் அங்கிருந்து தொடங்குவார். யார் எங்கே தொடங்கினார் என்பது அவருக்கும் உதவிக்கு இருப்பவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

இனி, யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள் என்பது.

படிப்பக நிர்வாகிகளும் ஆலய, கோயில், பள்ளிவாசல் பொறுப்பாளர்களும் சாதி மத வேறுபாடு பார்க்காமல் இடத்தையும் மின்சாரத்தையும் தர வேண்டும். பெண் பிள்ளைகள் அச்சமின்றி வந்துபோக வெளிச்சமும் கழிப்பறையும் இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போய்வரும் பொறியாளர்களும், மேல்வகுப்பு மாணவர்களும் வாரம் ஒரு சாயங்காலம் தர வேண்டும். பெரிய படிப்பு தேவையில்லை. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் ஊர்ப் பெண்கள் எத்தனையோ பேர் இதைச் செய்து காட்டினார்கள்.

வளைகுடாவிலும் பிற நாடுகளிலும் இருக்கும் நாஞ்சில் நாட்டுக்காரர்கள் சொந்த ஊர்ப் படிப்பகத்துக்கு ஒரு லேப்டாப் வாங்கித் தரட்டும்.

கல்லூரி நிர்வாகங்கள் முதலாண்டுச் சோதனை முடிவை மாணவரின் சம்மதத்தோடு ஊர் மையத்துக்குத் தெரிவிக்கட்டும். மாதம் ஒருமுறை துறை ஆசிரியர் ஒருவர் வந்து பார்க்கட்டும்.

பெற்றோரிடம் கேட்பது ஒன்று. பிள்ளை ஏழாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பதைப் பார்த்தால் ஏளனமாக ஒரு சொல் சொல்லிவிடாதீர்கள். அரியர் விழுந்தது என்பதற்காகப் படிப்பை நிறுத்தி வேலைக்கோ கல்யாணத்துக்கோ அனுப்பிவிடாதீர்கள்.

முதல் பருவ வகுப்புகள் தொடங்கும் நாளிலேயே மையங்களும் தொடங்க வேண்டும் என்பது குழுவின் விருப்பம். பருவத் தேர்வுக்குப் பிறகு திறந்தால் அதற்குள் பலர் கல்லூரியை விட்டுப் போயிருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு படிப்பகமும் அடுத்த நிர்வாகக் கூட்டத்திலேயே இதைப் பேசி, எந்த மூன்று நாள், எத்தனை மணி, சாவி யார் பொறுப்பு என்று முடிவு செய்து, தங்கள் ஊர் மாணவர்கள் படிக்கும் கல்லூரி முதல்வருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் எனக் குழு கேட்டுக்கொள்கிறது.