துவக்குக்குப் பயந்தவர்களின் பிள்ளைகள்

நோர்வேயில் எங்கள் பிள்ளையொன்று எல்க் மான் வேட்டை பழகப் போகிறேன் என்றால் வீட்டில் எழும் முதற்குரல் இதுதான்: "துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள், நீ அதைத் தூக்கப் போறியோ?" இந்தக் குரலின் வலி உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவு பிழை.

நாங்கள் பயந்தது எவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத துவக்குக்கு. இங்கே வேட்டைக்காரரின் துவக்கு பதில் சொல்லியே ஆக வேண்டும். முதலில் 30 மணிநேர வகுப்பு, பிறகு தேர்வு. பெருவிலங்கு வேட்டை என்றால் ஒவ்வோர் ஆண்டும் 30 குண்டு பயிற்சி. அதன்பின் 100 மீட்டர் தூரத்துப் பனிமான் உருவத்தில் 5 குண்டும் உரிய இடத்தில் பட வேண்டும். நரைத்த வேட்டைக்காரருக்கும் இதே விதிதான். காயப்பட்ட விலங்கைத் தேடப் பயின்ற நாய்க்கு ஒழுங்கு செய்யாமல் எல்க் வேட்டைக்கு இறங்க முடியாது.

வகுப்பில் கிடைக்காததை வேட்டைக்குழுவின் மூத்தவர்கள் கற்றுத் தருகிறார்கள். காற்று எந்தப் பக்கம்? மானுக்குப் பின்னால் மண்மேடா, வெறும் வானமா? வானமென்றால் சுடக்கூடாது. தாயோடு கன்று நிற்கிறதா? அப்படியென்றால் தாயை முதலில் சுட்டுக் கன்றை அநாதையாக்கக் கூடாது. முதற்பருவம் முழுவதும் ஒரு குண்டும் சுடாமல் திரும்பும் புதியவரை அவர்கள் குறைவாக எண்ணுவதில்லை. எப்போது சுடக்கூடாது என்பதுதான் அங்கே முதற்பாடம்.

உயிர்க்கொலை என்று மறுக்கும் மரக்கறிக்காரரோடு எனக்கு வழக்கில்லை. அவர் சொல்வதில் நேர்மை இருக்கிறது. ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி சமைத்துக்கொண்டு வேட்டையைக் காட்டுமிராண்டித்தனம் என்பவரோடுதான் வழக்கு. அந்த ஆட்டையும் யாரோ கொன்றார்கள். நாங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு" என்பதும் சாட்டு. வன்னியில் இடியன் துவக்கோடு பன்றிக்குக் காத்திருந்தவர்கள் எங்கள் ஆட்கள் இல்லையா? நாங்கள் கும்பிடும் கண்ணப்பர் வேடர் இல்லையா? விழா மேடையில் குறிஞ்சித் திணை பேசுகிறோம். வீட்டுக்குப் பின்னாலுள்ள மலையில் ஏறுவதில்லை. இந்நாட்டின் மீன் ஆலைகளில் இத்தனை காலம் உழைத்தும் அதன் காட்டில் இன்னும் விருந்தாளிகளாகவே நிற்கிறோம். ஊரார் ஒன்றுகூடி இறைச்சியைப் பங்கிடும் இடத்தில் எங்கள் பிள்ளைகள் இல்லை.

14 வயதில் சிறுவிலங்கு வேட்டைக்கும் 16 வயதில் பெருவிலங்கு வேட்டைக்கும் பெரியவர் துணையோடு பழகச் சட்டம் இடம் தருகிறது. பிள்ளை கேட்டால் மறிக்காதீர்கள். பயமென்றால் நீங்களும் கூடப் போங்கள். துவக்கில்லாமல் பின்னால் நடந்து பார்ப்பதற்கு எந்தத் தேர்வும் எழுதத் தேவையில்லை.