வனக் காவலும் வயிற்றுப்பாடும்

காடும் ஏரியும் பறவையும் விலங்கும் தேசத்தின் பொதுச் சொத்து என்று மேடைதோறும் பேசப்படுகிறது. அந்தச் சொத்துக்குக் காவல் நிற்பவன் யார், அவனுக்கு மாதம் என்ன கிடைக்கிறது, அடுத்த வருஷம் அவனுக்கு வேலை உண்டா என்ற கேள்விகளை மட்டும் கேட்பவரைக் காணோம். இயற்கைப் பாதுகாப்பு சட்டத்தாலும் அறிவிப்புப் பலகையாலும் மாத்திரம் நடந்துவிடும் காரியமன்று. இரவில் ரோந்து சுற்றுகிறவனும், காட்டுத் தீயைப் பச்சைக் கிளையால் அடித்து அணைக்கிறவனும், கண்ணி வைத்தவனைக் கையும் களவுமாகப் பிடிக்கிறவனும் செய்கிற காரியம் அது. அவர்களுடைய நிலையைப் பேசாமல் இயற்கையைப் பற்றிப் பேசுவது, வழக்கில் பாதியை விசாரித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இவ்விஷயம் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் மாத்திரமே உரியதென்று எண்ண வேண்டாம். அரியலூர் ஜில்லாவிலுள்ள ரெட்டிபாளையத்தை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்டு ஆலையும் உள்ள ஊர் அது. அப்பிரதேசம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கும் பூமியென்று 1840-கள் முதல் புவியியல் அறிஞர்கள் அதை ஆராய்ந்து வந்திருக்கின்றனர். 2009-ம் வருஷத்தில் செந்துறைப் பக்கத்தில் டைனோசர் முட்டைகளின் படிவங்கள் கண்டெடுக்கப்பட்டன. அடுத்த பெரம்பலூர் ஜில்லாவில் சாத்தனூர்க் கல்மரம் இருக்கிறது. பதினெட்டு மீட்டர் நீளமுள்ள அம்மரத்தை 1940-ம் வருஷத்தில் புவியியல் நிபுணர் எம். எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்தார். அரியலூர் ஜில்லாவிலேயே கரைவெட்டி ஏரியும் இருக்கிறது. மேட்டூர் அணையின் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரப்பும் அந்த ஏரி 1999-ம் வருஷத்தில் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்து அங்கே தங்கிச் செல்கிறது. 2024-ம் வருஷ ஜனவரியில் அது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலமாகவும் ஏற்கப்பட்டது.

2021 முடிய ஒரே ஒரு ராம்சார் தலத்தை மாத்திரம் பெற்றிருந்த தமிழ்நாடு, 2025 பிப்ரவரியில் இருபது தலங்களைப் பெற்று இந்திய மாகாணங்களுள் முதலிடத்தை அடைந்தது. இது பெருமைக்குரிய விஷயமே. ஆயின் ஏரிகளுக்குப் பட்டம் பெருகிய வேகத்தில் காவலருக்கு நிரந்தர வேலை பெருகியதா என்று பார்க்க வேண்டாமா? பட்டத்தைக் கண்டு பறவை வருவதில்லை. நீரும் நிழலும் இருந்து, வலை வீசுவோர் இல்லாதிருந்தால்தான் வருகிறது. அவ்வாறு இருக்கும்படி பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆளுக்குச் சோறு வேண்டும்.

இன்றைய நிலைமையின் வேரை அறியச் சிறிது சரித்திரம் அவசியமாகிறது. ஆங்கிலேய சர்க்கார் 1864-ம் வருஷத்தில் வன இலாகாவை ஸ்தாபித்து, பிராண்டிஸ் என்ற ஜெர்மானியரை அதன் தலைவராக்கிற்று. 1882-ம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் கிராமவாசிகளுடைய காடுகளைச் சர்க்கார் காடுகளாக்கியது. உயர்ந்த உத்தியோகங்கள் ஐரோப்பாவில் பயிற்சி பெற்ற வெள்ளையருக்குப் போயின. 1878-ல் டேராடூனிலும் 1912-ல் கோயம்புத்தூரிலும் ஏற்பட்ட வனப் பள்ளிகளில் படித்த இந்தியர் இடைப்படிகளில் நின்றனர். காட்டை அங்குலம் அங்குலமாக அறிந்திருந்த மலைவாசிகள் கூலிகளாயினர். மேலே சட்டமறிந்தவன், நடுவில் கணக்கறிந்தவன், அடியில் காடறிந்தவன் என்ற ஏணி அக்காலத்தில் நாட்டப்பட்டது. அந்நியர் போய்விட்டனர். 1966-ம் வருஷத்தில் இந்திய வனப் பணி சுதந்திர நாட்டின் பணியாக அமைக்கப்பட்டது. மேற்படியில் நின்றவர்களின் நிறம் மாறிற்று, ஏணி மாறவில்லை.

இப்பொழுதுள்ள சம்பளக் கணக்கைப் பார்ப்போம். இந்திய வனப் பணியில் சேரும் ஓர் அதிகாரியின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் மாதம் ரூ.56,100. தமிழ்நாட்டு வனக் காப்பாளருக்கு ரூ.18,200. வனக் காவலருக்கு ரூ.16,600. இம்மூவருக்கும் இதன்மேல் பஞ்சப்படி, விடுமுறை, பதவி உயர்வு, ஓய்வுகாலப் பயன் முதலியவை உண்டு. இவர்களுக்கும் கீழே வேட்டைத் தடுப்புக் காவலர் என்றொரு வகுப்பார் இருக்கின்றனர். அவர்களுக்கு மாதம் ரூ.12,500 என்றிருந்த தொகுப்பூதியம் பின்னர் ரூ.15,625 ஆக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்குச் சுமார் ஐந்நூற்றிருபது ரூபாய். அதற்குமேல் ஒன்றுமில்லை. நிரந்தரக் காப்பாளரும் தற்காலிகக் காவலரும் ஒரே பாதையில் நடக்கின்றனர். ஒரே யானைக்கு அஞ்சுகின்றனர். ஒருவர் காயமுற்றுப் படுத்தால் சம்பளம் நடக்கும். மற்றவர் படுத்தால் அடுப்பு அணையும்.

அதிகாரிகளின் சம்பளத்தைக் குறைக்க வேண்டுமென்பது நம்முடைய கட்சியன்று. கடினமான பரீட்சையில் தேறி, பொறுப்புள்ள வேலையை ஏற்பவருக்கு அந்த ஊதியம் தகும். நாம் ஆட்சேபிப்பது வேறு. முதுமலை, ஆனைமலைப் புலிகள் காப்பகங்களில் வேட்டைத் தடுப்புக் காவலராக உழைப்பவரில் மிகப் பலர் இருளர், குறும்பர், மலசர், காடர் முதலிய பழங்குடியினர். இலாகா முழுவதிலும் மிகக் குறைந்த ஊதியமும் மிக அதிகமான ஆபத்தும், காட்டின் ஆதிக் குடிகளுக்கே பங்காக விழுந்திருக்கின்றன. அதுவும் போதாதென்று, இவர்களைத் தனியார் முகவர் மூலம் அமர்த்தும் ஏற்பாடு பிரஸ்தாபிக்கப்பட்டு, 2024-ம் வருஷத்தில் முதுமலையில் காவலர்கள் போராட வேண்டியதாயிற்று. சர்க்காரின் காட்டைக் காக்க இடைத்தரகன் எதற்கு? தேயிலைத் தோட்டங்களில் கங்காணிகள் செய்ததை நம் மக்கள் இன்னும் மறக்கவில்லை.

வனக் காப்பாளர் வேலைக்கு மேல்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் படித்திருக்க வேண்டும் என்பது விதி. உடல் தகுதிக்காக ஆடவர் நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டரும், ஸ்திரீகள் 16 கிலோமீட்டரும் நடந்து காட்ட வேண்டும். காலின் பலத்துக்கும் சர்டிபிகேட்டுக்கும் பரீட்சை உண்டு. புலியின் தடம் நேற்றையதா இன்றையதா என்று சொல்லும் அறிவுக்குப் பரீட்சை இல்லை. பழங்குடி இளைஞருக்கென வனக் காவலர் இடங்கள் சில தனியே ஒதுக்கப்பட்டிருப்பதை நாம் பாராட்டுகிறோம். ஆயின் பத்து, பதினைந்து வருஷம் காட்டிலே உழைத்தவருடைய அனுபவத்தைப் படிப்புக்கு ஈடாக ஏற்காதவரையில் அது கடலில் கரைத்த பெருங்காயமே.

ஸ்திரீகளின் நிலையும் கவனிக்கத்தக்கது. உலகெங்குமுள்ள வனக் காவல் படைகளில் ஸ்திரீகள் நூற்றுக்கு 3 முதல் 11 வரையிலேயே இருப்பதாக உலக இயற்கை நிதியம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. குஜராத் சர்க்கார் 2007-ம் வருஷத்தில் கிர் காட்டில் ஸ்திரீகளைக் காவலுக்கு அமர்த்தி வழிகாட்டிற்று. தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். தெப்பக்காட்டு யானை முகாமில் தாயிழந்த யானைக் கன்றுகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதிகளைப் பற்றிய படம் 2023 மார்ச்சில் ஆஸ்கார் பரிசு பெற்றது. அதன் பிறகே முதல் மந்திரி இரண்டு முகாம்களிலும் உள்ள 91 ஊழியர்களுக்குத் தலைக்கு ஒரு லட்சம் ரூபாய் அளித்தார். அதே வருஷம் ஆகஸ்டில் பெள்ளி அம்மையார் நிரந்தரக் காவடியாக நியமனம் பெற்றார். அப்பதவியை அடைந்த முதல் ஸ்திரீ அவரே. சர்க்காரின் இச்செய்கை போற்றத்தக்கது. ஆயினும் அவருடைய கை அதற்கு முன்பும் அதே கைதான். யானைக் கன்றுக்கு ஊட்டியதும் அதே பால்தான். அமெரிக்காவில் பரிசு கொடுத்தால்தான் நம் ஊர் உழைப்பாளிக்கு வேலை நிரந்தரமாகும் என்றால், படம் பிடிக்கப்படாத மற்றவர்கள் யாரிடம் போய் முறையிடுவது?

படித்தவருக்கு இத்துறையில் கதவு எவ்வாறு திறக்கிறது என்பதும் ஆராயத்தக்கது. ஏரியில் பறவை எண்ணவும், காட்டில் ஆராய்ச்சிக்குத் துணை செய்யவும் விரும்பும் பட்டதாரி, சங்கங்களிலும் ஆராய்ச்சி ஸ்தாபனங்களிலும் முதலில் சம்பளமின்றியோ அற்பத் தொகைக்கோ அனுபவம் சம்பாதிக்கும்படி எதிர்பார்க்கப்படுகிறான். அந்த அனுபவம் இல்லாதவனுக்கு வேலையில்லை. தகப்பன் பணம் அனுப்பக் கூடியவன் ஆறு மாதம் காத்திருக்கிறான். சுரங்கத் தொழிலாளியின் மகன் ஆறு நாள் காத்திருக்க முடியாது. இவ்வாறு திறமை அல்ல, வசதியே வடிகட்டும் சல்லடையாகிறது. அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே ஜனத்தொகையில் நூற்றுக்கு 38 பேர் வெள்ளையரல்லாதவராக இருந்தும், சுற்றுச்சூழல் ஸ்தாபனங்களில் அவர்கள் நூற்றுக்கு 16-ஐத் தாண்டவில்லை என்று டார்சீட்டா டெய்லர் என்ற பேராசிரியை 2014-ல் எடுத்துக் காட்டினார்.

பணத்துக்கு எங்கே போவது என்று நிதி இலாகா கேட்கும். நியாயமான கேள்விதான். அரியலூர் ஜில்லாவைப் பொறுத்தவரை விடை காலடியிலேயே இருக்கிறது. 2015-ம் வருஷத்தில் திருத்தப்பட்ட கனிமச் சட்டப்படி, சுரங்கக் குத்தகைதாரர்கள் ராயல்டியின் மேல் ஒரு பங்கை ஜில்லாக் கனிம நிதியத்துக்குச் செலுத்துகின்றனர். பழைய குத்தகைகளுக்கு அது ராயல்டியில் நூற்றுக்கு 30. ஏலத்தில் விட்டவற்றுக்கு 10. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்காக ஏற்பட்ட அந்நிதியின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டிய முதன்மை இனங்களில் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் தொழிற்பயிற்சியும் இடம் பெற்றிருக்கின்றன. சர்க்காரின் முன்னனுமதியோடு பணியிடங்களை உண்டாக்கவும் விதிகளில் இடமுண்டு. தடை பணத்தில் இல்லை, மனத்தில் இருக்கிறது.

ஆகவே நாம் கோருவது இதுதான். ரெட்டிபாளையம் முதலிய சுரங்க ஊர்களின் இளைஞரையும் ஸ்திரீகளையும் தேர்ந்து, சம்பளத்தோடு பயிற்சி அளிக்க வேண்டும். கரைவெட்டியில் காவலுக்கும் பறவைக் கணக்குக்கும், தோண்டி முடித்த சுரங்கக் குழிகளை மரமும் நீருமாக்கும் வேலைக்கும், கல்லாகிய உயிர்ச் சின்னங்களைக் கண்டு காக்கும் வேலைக்கும் அவர்களையே அமர்த்த வேண்டும். சுரங்கத்தில் பாறை உடையும்போது அதிலுள்ள சின்னத்தை முதலில் காணும் வாய்ப்பு அங்குள்ள தொழிலாளிக்கே உண்டு. அதன் மதிப்பை அவனுக்கு எடுத்துச் சொல்லி, காப்பதற்கு ஊதியமும் கொடுத்தால் அவனைவிடச் சிறந்த காவலன் கிடையான். மாகாணம் முழுவதிலும் வேட்டைத் தடுப்புக் காவலரை முகவரிடம் ஒப்படைக்கும் யோசனையை அடியோடு கைவிட்டு, குறித்த ஆண்டுகள் உழைத்தவரை அனுபவத்தையே தகுதியாகக் கொண்டு நிரந்தரமாக்க வேண்டும். பயிற்சி என்ற பெயரில் சம்பளமில்லா வேலை வாங்குவதைச் சர்க்கார் உதவி பெறும் ஸ்தாபனங்களிலாவது தடுக்க வேண்டும்.

எல்லாரையும் நிரந்தரமாக்கினால் வேலையில் சிரத்தை குறையும் என்பார் சிலர். நிரந்தர உத்தியோகம் அதிகாரிகளின் சிரத்தையைக் கெடுக்கவில்லை என்றால் காவலரின் சிரத்தையை மட்டும் எப்படிக் கெடுக்கும்? சந்தேகமுள்ளவர்கள் வேடந்தாங்கலைப் பார்க்கட்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை அவ்வூர் மக்கள் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் எழுத்தில் பெற்றனர். பறவை எச்சம் கலந்த நீர் அவர்களுடைய வயலுக்கு உரமாயிற்று. காப்பதில் தங்களுக்கும் பங்கு இருந்ததனால் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர்.

உலகத்தில் இன்று சுமார் 2,86,000 வனக் காவலர்கள் இருப்பதாகவும், 2030-க்குள் நிலப்பரப்பில் நூற்றுக்கு முப்பது பங்கைக் காப்பதற்கு 15 லட்சம் பேர் தேவை என்றும் 2022-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. அவ்வளவு பேரை இன்றைய கூலிக்கும் இன்றைய நிச்சயமின்மைக்கும் எங்கே தேடுவது? நம் ஜில்லாக்களின் தொழிலாளர் சங்கங்களும், கிராம சபைகளும், சட்டசபை அங்கத்தினர்களும் இக்கேள்வியைத் தங்களுடையதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த மானியக் கோரிக்கையின்போது வன இலாகா மந்திரியிடம் புலிகள் எத்தனை என்று கேட்பதோடு நில்லாமல், காவலர் எத்தனை பேர், அவர்களில் நிரந்தரமானவர் எத்தனை பேர் என்றும் கேட்கட்டும்.