சிலுவையில் ஆள் எதுக்கு?

போன மாசம் டீக்கடையில டீம் மேட் ஒருத்தன் கேட்டான். "மச்சி, தப்பா எடுத்துக்காத. உங்க சாமியை ஏன்டா எப்பப் பார்த்தாலும் ரத்தம் ஒழுக ஆணியில தொங்க விட்டிருக்கீங்க? எங்க சாமியெல்லாம் பட்டு, நகை, சந்தனம்னு ஜம்முனு இருக்காங்க. உங்க சர்ச்சுக்குள்ள வந்தா பயமா இருக்குடா."

நியாயமான கேள்வி. ஆனா டீ ஆறுறதுக்குள்ள சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதான் இந்தப் பதிவு. (மதம் மாத்தற வேலை எல்லாம் இல்லைங்க, தைரியமா படிக்கலாம் :-) )

முதல்ல, அவனுக்குப் பயமா இருந்ததே, அதுதான் சரியான ரியாக்‌ஷன். எங்களுக்குத்தான் பழகிப் போச்சு. செயின்ல டாலர், கார் கண்ணாடியில தொங்கறது, கோபுர உச்சியில எல்.இ.டி. பல்பு... சிலுவை என்ன பொருள்னே மறந்துட்டோம். அது ரோமானியர்கள் முக்கியமா அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வெச்சிருந்த தண்டனை. கி.மு. 71-ல ஸ்பார்ட்டகஸோட எழுந்த அடிமைகளை அடக்கினதும், பிடிபட்ட 6,000 பேரை கபுவாவில் இருந்து ரோம் வரைக்கும் அப்பியன் சாலை ஓரமா வரிசையா சிலுவையில ஏத்தினாங்க. கொல்றது மட்டும்தான் நோக்கம்னா ஒரு வாள் போதுமே. துணியை உருவி, ரோட்டோரமா தொங்கவிட்டு, போறவன் வர்றவன் எல்லாம் பார்த்து நடுங்கணும். அதுக்குத்தான் சிலுவை. நம்ம ஊர்ல இதுக்கு இணையா சொல்லணும்னா கழுமரம். தங்கத்துல ஒரு குட்டிக் கழுமரம் செஞ்சு கழுத்துல போட்டுக்கிட்டு ஆபீஸ் வந்தா எப்படிப் பார்ப்பாங்க?

அப்படித்தான் அன்னிக்குப் பார்த்தாங்க. ரோம்ல பாலட்டைன் குன்றுல 1857-ல ஒரு சுவர்க் கிறுக்கலைக் கண்டுபிடிச்சாங்க. கழுதைத் தலையோட ஒருத்தன் சிலுவையில தொங்கறான். பக்கத்துல ஒரு பையன் கையைத் தூக்கிக் கும்பிடறான். அலெக்சாமெனோஸ் தன் கடவுளைக் கும்பிடறான்னு கிரேக்கத்துல நக்கலா எழுதியிருக்கு. கி.பி. 200 வாக்குல கிறுக்கினதுன்னு கணிக்கறாங்க. இயேசு சிலுவையில இருக்கிற மாதிரி நமக்குக் கிடைச்ச படங்கள்லயே ரொம்பப் பழசுல ஒண்ணு, யாரோ ஒருத்தர் சக பையனை ஓட்டறதுக்காகப் போட்டது!

கிறிஸ்தவர்களே அப்போ சிலுவையில தொங்கற இயேசுவை வரையத் தயங்கினாங்க. நிலவறைக் கல்லறைகள்ல மீன், நங்கூரம், ஆட்டுக்குட்டியைத் தோள்ல போட்ட மேய்ப்பன்... இதெல்லாம்தான் இருக்கும். ரோம்ல சாந்தா சபீனா கோயிலோட மரக்கதவுல, கி.பி. 430-கள்ல செதுக்கின ஒரு பலகையிலதான் வெளிப்படையா அந்தக் காட்சி வருது. அதுலயும் சிலுவை இருக்கா இல்லையான்னே தெரியாத மாதிரி அடக்கி வாசிச்சிருப்பாங்க. கான்ஸ்டன்டைன் அந்தத் தண்டனையை ஒழிச்சு, சிலுவையில ஆள் தொங்கறதை நேர்ல பார்த்த தலைமுறையும் போன பிறகுதான் அதைத் தைரியமா செதுக்கவே முடிஞ்சது.

சரி, கேள்விக்கு வர்றேன். பல புராட்டஸ்டன்ட் சபைகள்ல வெறும் சிலுவைதான் இருக்கும். (லூத்தரன்கள் விதிவிலக்கு.) உயிர்த்துட்டார், இனி அங்க அவர் இல்லைங்கிறது அவங்க நியாயம். நல்ல நியாயம்தான். ஆனா கத்தோலிக்கத் திருப்பலிக்குப் பீடத்து மேலயோ பக்கத்துலயோ சிலுவை வைக்கும்போது, அறையப்பட்ட இயேசுவோட உருவம் அதுல இருக்கணும்னே வழிபாட்டு விதி இருக்கு. நம்ம ஊர்ப் பழைய ஆளுங்க அதுக்கு வெச்ச பேரு 'பாடுபட்ட சுரூபம்'. என்ன ஒரு பேர்! வயல்ல வேலை செய்யறவனும் பாடுபடறான், அடி வாங்கறவனும் பாடுபடறான். ரெண்டுக்கும் தமிழ்ல ஒரே சொல்லு.

ஆள் இருக்கணும்னு நானும் ஏன் நினைக்கிறேன்னா, ஆளை எடுத்துட்டா மிஞ்சறது ஒரு லோகோ. லோகோவை யார் வேணா எதுக்கு வேணா ஒட்டிக்கலாம், சிலுவைப்போர்க்காரன் சட்டையில தைச்ச மாதிரி. அடிபட்ட உடம்பு அங்க இருந்தா அவ்வளவு சுலபமா ஒட்ட முடியாது. (அதையும் தூக்கிக்கிட்டு அட்டூழியம் பண்ணினவங்க உண்டு, இல்லேங்கல. ஆனா அதைப் பார்த்துக்கிட்டே பண்ண வேண்டியிருக்கும்.)

இதை எனக்குப் புரிய வெச்சது ஒரு ஓவியம். அல்சாஸ் பகுதியில ஈசன்ஹைம்ங்கிற ஊர்ல அந்தோனியார் சபைத் துறவிகள் ஒரு மருத்துவமனை நடத்தினாங்க. கம்பு மாதிரி ஒரு தானியம், ரை. அதுல பூஞ்சை பிடிச்சு, அந்த மாவுல சுட்ட ரொட்டியைத் தின்னவங்களுக்குக் கைகால் நெருப்பா எரியும், தோல் வெடிக்கும், அழுகி வெட்டி எடுக்க வேண்டி வரும். 'அந்தோனியார் நெருப்பு'ன்னு பேரு. அந்த நோயாளிகள் இருந்த இடத்துப் பீடத்துக்காக 1512-க்கும் 1516-க்கும் நடுவுல மத்தியாஸ் குரூன்வால்ட் வரைஞ்ச இயேசுவைப் பாருங்க. பச்சை பாய்ஞ்ச தோல், உடம்பு பூரா புண்ணு, விறைச்சு முறுக்கின விரல். இப்போ பிரான்ஸ்ல கோல்மார் நகர மியூசியத்துல இருக்கு. நெட்லயே தேடிப் பார்க்கலாம், சாப்பிடறப்ப வேணாம்.

அந்த நோயாளி நிமிர்ந்து பார்த்தா பீடத்துல தன்னோட தோலையே பார்த்திருப்பான். அவன் நோய் குணமாகல. 'நீ அனுபவிக்கிறது நல்லதுக்குத்தான்'னு அந்தப் படம் சொல்லவும் இல்லை. கடவுள் உன்னோட கட்டில்ல படுத்திருக்கார், டாக்டர் நாற்காலியில இல்லைன்னு மட்டும் சொல்லுது.

இதே மாதிரி இன்னொண்ணு. 2013 அக்டோபர்ல இத்தாலியோட லாம்பெதூசா தீவுக்குப் பக்கத்துல அகதிகள் வந்த படகுகள் மூழ்கி நூத்துக்கணக்கானவங்க செத்தாங்க. தப்பிச்சவங்கள்ல எரித்திரியாக்காரங்க நிறைய. பிரான்செஸ்கோ தூச்சியோன்னு அந்தத் தீவுத் தச்சர், கரை ஒதுங்கின படகுப் பலகையை அறுத்து அவங்களுக்குச் சிலுவை செஞ்சு கொடுத்தார். அவர் செஞ்சதுல ஒண்ணு 2015-ல பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போச்சு. ரெண்டு துண்டுப் பலகை, உரிஞ்ச பெயின்ட் அப்படியே இருக்கு. அதுல உருவம் இல்லை. அந்த மரத்துக்குத் தனியா உருவம் தேவைப்படல.

நம்ம தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டுலயும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1540 வாக்குல புயல்ல சிக்கின போர்த்துகீசியக் கப்பலோட ஒடிஞ்ச பாய்மரத்துல ஒரு சிலுவை செஞ்சு கடலோரக் குன்றுல நட்டாங்கன்னு ஊர் மரபு. 1581-ல அங்க கோயில் கட்டினாங்க. செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமை விழாவுக்குக் கூட்டம் அலைமோதும். உண்மையான சிலுவையோட துணுக்கு ஒண்ணும் அங்க இருக்கு. (உலகம் பூரா இருக்கிற துணுக்கைச் சேர்த்தா ஒரு கப்பல் நிறைய வரும்னு கால்வின் கிண்டலடிச்சது பிரசித்தம். 1870-ல ரோஹோ டி ஃபிளூரின்னு ஒரு பிரெஞ்சுக்காரர் மெனக்கெட்டு அளந்து பார்த்து, ஒரு சிலுவைக்கே பத்தாதுன்னு கணக்குக் காட்டினார். நம்ம இன்ஜினியர் ஜாதி போல!)

இவ்வளவும் எழுதினதுக்குக் காரணம் இனிமேதான் வருது.

எங்க சொந்தத்துல ஒரு அக்கா. பேர் வேணாம், ஊர் வேணாம். புருஷன் குடிச்சுட்டு வந்து அடிப்பான். பெல்ட், விறகு, கையில கிடைச்சது. பெரியவங்ககிட்ட அழுதா, சாமியார்கிட்ட போய்ச் சொன்னா. எல்லாரும் ஒரே வாக்கியம்: "அது ஆண்டவர் உனக்குத் தந்த சிலுவைம்மா, பொறுமையா சும." பதினோரு வருஷம் சுமந்தா.

எனக்குக் கொதிக்கிறது இங்கதான். சிலுவையை நீங்க யார் தோள்ல ஏத்தறீங்க? சுவிசேஷத்துல சிலுவையை அடுத்தவன் தோள்ல ஏத்தறது ரோமானியச் சிப்பாய். சிலுவையைத் தூக்கிக்கிட்டு என் பின்னால வான்னு இயேசு சொன்னது, என் வழியில வந்தா அரசாங்கம் உன்னையும் கொல்லலாம், தெரிஞ்சே வாங்கிற எச்சரிக்கை. கட்டினவன்கிட்ட உதை வாங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அவரே முந்தின ராத்திரி கெத்சமனித் தோட்டத்துல, இது என்னை விட்டுப் போகட்டும்னு கெஞ்சினவர்தான்.

அப்புறம் சிலுவைப் பாதை. தவக்காலம் வந்தா வெள்ளிக்கிழமை தவறாம 14 ஸ்தலமும் முழங்கால் போடறோம். (14-ன்னு நிலைச்சது 1731-ல, 12-ஆம் கிளமென்ட் பாப்பரசர் காலத்துல.) அஞ்சாவது ஸ்தலம் என்ன? சீரேன் ஊர் சீமோன் வந்து சிலுவையைத் தூக்கறான். அவனைப் பிடிச்சு இழுத்துதான் விட்டாங்க, இருந்தாலும் தூக்கினான். கடவுளின் மகன்னு நாம நம்பறவராலயே தனியா சுமக்க முடியல! அந்த ஸ்தலத்துக்கு முன்னாடி வருஷா வருஷம் மண்டியிட்டுட்டு வெளியில வந்து, ஒரு பொம்பளைகிட்ட நீ தனியா சுமன்னு சொல்ல எப்படி வாய் வருது?

கத்தோலிக்கப் போதனை துன்பத்தை உயர்த்திப் பேசுதேன்னு கேட்பீங்க. பேசுது. 1981-ல வயித்துல குண்டு பாய்ஞ்சு பிழைச்ச இரண்டாம் ஜான்பால் பாப்பரசர், 1984-ல துன்பத்தைப் பத்தியே ஒரு மடல் எழுதினார். 'சால்விஃபிசி டோலோரிஸ்'னு பேரு. துன்பப்படறவன் கிறிஸ்துவோட பாட்டுல பங்கெடுக்கறான்னு அதுல இருக்கு. ஆனா முடிவுரைக்கு முந்தின அதிகாரம் முழுக்க நல்ல சமாரியன் கதை. அடிபட்டுக் கிடக்கிறவனைப் பார்த்தா நின்னு தூக்குங்கிறது. முதல் பாதியை மட்டும் பிரசங்கம் வெச்சுட்டு ரெண்டாம் பாதியைச் சாய்ஸ்ல விட்டுடறோம்.

வீட்டுக்குள்ள மட்டும் இல்லை. கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல சாதிச் சுவர் வெச்சு, ரெண்டு பக்கமும் அதே சிலுவையை நட்டிருக்கோம் நம்ம தமிழ்நாட்டுல. 2008 மார்ச்சுல, அப்போ விழுப்புரம் மாவட்டத்துல இருந்த எறையூர்ல, தலித் கத்தோலிக்கர்கள் சம மரியாதையும் தனிப் பங்கும் கேட்டதுல கலவரமாகி, போலீஸ் சுட்டு ரெண்டு பேர் செத்தாங்க. அடிச்சவன், அடி வாங்கினவன் ரெண்டு பேர் வீட்டுச் சுவத்துலயும் பாடுபட்ட சுரூபம் தொங்கியிருக்கும். பெரிய வெள்ளிக்கு அதே காலைத்தான் குனிஞ்சு முத்தி செய்யறோம். அந்தக் கால் யாரோட கால்னு யோசிக்கிறதே இல்லை.

அக்கா என்ன ஆனான்னு சொல்லலையே. பன்னெண்டாவது வருஷம் பையனைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா. பஸ் ஏத்திவிட்டது கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருத்தங்க. வேலையும் அவங்கதான் பார்த்துக் கொடுத்தாங்க. அக்கா இன்னும் வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்குப் போறா. சாமியார் சொன்னதைப் பத்திக் கேட்டா சிரிக்கிறா, நான்தான் இங்க உட்கார்ந்து கத்திக்கிட்டு இருக்கேன்.

மக்களே, உங்க வீடுகள்ல இதே வேலையைச் செய்யற வார்த்தை எது? தலையெழுத்தா, கர்மாவா, வேற எதாவதா? பின்னூட்டத்துல சொல்லுங்க.